சாமிக்கு அடுத்தபடியாகக் கேட்டவர்

அர்ச்சனைச் சீட்டு கையில் இருந்தாலும் மருதப்பன் முந்திக்கொண்டு நிற்கமாட்டார். "நீங்க போங்க, நீங்க போங்க" என்று பின்னால் வந்த குடும்பங்களையெல்லாம் முன்னே விட்டுவிட்டு, கண்ணை மூடிக் காதைத் திறந்து வைத்திருப்பார். சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில் இவரைப்போல் பணிவான பக்தர் கிடையாது என்பது குருக்களின் அபிப்பிராயம்.

நம்மவர்கள் கடை போட்டால் அதன் பெயரை முதலில் சாமியிடம் சொல்வார்கள். பதிவு அலுவலகத்துக்கு நல்ல நாள் பார்த்துப் பிறகுதான் போவார்கள். இடையில் கிடக்கும் அந்தச் சில நாள்தான் மருதப்பனின் விளைநிலம். காதில் விழுந்த பெயரை மறுநாள் காலையிலேயே தம் பெயரில் பதிந்துவிடுவார். ஏற்கெனவே பதிந்துவிட்ட பெரிய கடையென்றால் அதே பெயருக்கு முன்னால் ஒரு 'நியூ' சேர்ப்பார். உரியவர் பதறிக்கொண்டு வந்தால் விலை பேசுவார். "பேரு சும்மா ரோட்டுல கெடந்துச்சு, பத்திரமா எடுத்து வச்சேன் லா" என்பார். அதில் துளியும் கேலி இருக்காது.

தேக்கா சந்தையில் மசாலா அரைத்துப் பேர் வாங்கியவர் பூவம்மா. 'பூவம்மா மசாலா' என்றால் தீவின் கிழக்கே தெம்பனிஸ் வரை தெரியும். கிளமெண்டியில் சொந்தக் கடை எடுத்தவர், கடைப் பெயரைச் சொல்லி அர்ச்சனை முடித்து, நல்ல நாள் பார்த்துப் பதியப் போனார். அந்தப் பெயர் வேறொருவருடையது என்றார்கள். அடையாள அட்டையை எடுத்து நீட்டினார். பூவம்மா என்பது அவர்தான், ஆனால் கடைக்கு அந்தப் பெயர் மருதப்பனுடையது என்று பொறுமையாக விளக்கினார்கள்.

தேடி வந்த பூவம்மாவுக்குக் காப்பிக்கடையில் மருதப்பன் எழுந்து நின்று நாற்காலியை இழுத்துப் போட்டார். விலையைக் கேட்டதும் பூவம்மா அடையாள அட்டையை மேசைமேல் வைத்தார்.

"எங்கப்பா எனக்கு வச்ச பேரு தம்பி. அத உங்கிட்ட நான் ஏன் வாங்கணும்?"

"அப்பா வச்சாரு, சரிதான்க்கா. பதிஞ்சு வச்சாரா?"

பூவம்மா வாங்காமலே எழுந்து போய்விட்டார். மருதப்பன் ஆடிப்போனார். தன் பெயரையே வேண்டாம் என்கிற மனுஷியும் உலகத்தில் உண்டா என்று மனைவி சந்திரமதியிடம் நொந்துகொண்டார். பெயர் வீணாகக் கிடப்பது பொறுக்காமல், எங்கேயோ மலிவாக அரைத்த தூளை வாங்கி, 'பூவம்மா மசாலா' என்று பை அச்சடித்துக் கடைகடையாகப் போட்டார்.

கிளமெண்டிக் கடை பெயர்ப்பலகை இல்லாமல் திறந்தது. முதல் வாரமே பழைய வாடிக்கைக்காரி பிலோமினம்மாள் வந்து, அந்தப் பையைப் பூவம்மாவின் முன்னால் வீசினார். "கடை வந்ததும் கை மாறிப்போச்சா உனக்கு? மருமவன் வந்த அன்னிக்குக் கொழம்புல மரத்தூளு மணக்குது." இது நான் அரைத்ததில்லை என்று பூவம்மா சொல்லிப் பார்த்தார். பையில் பெயர் இருக்கிறதே, யார் நம்புவார்கள்?

அந்த ஞாயிற்றுக்கிழமை மருதப்பனே கடைக்கு வந்து நின்றார். ஊர் பேசுவது காதில் விழுந்து, பெயரைத் திருப்பித் தரத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்த பூவம்மாவுக்கு, ஒரு நிமிஷம் கண் கலங்கிவிட்டது.

"மீன் தூள் அரைக் கிலோ போடுங்கக்கா, வீட்டுக்கு. வேற தூள்ல சமைக்கமாட்டேன்னு சந்திரமதி ஒரே புடி."

பூவம்மா தூளை எடை போட்டார். பொட்டலம் மடிக்கப் பழைய செய்தித்தாளைத் தேடினார்.

"பேப்பர் வேணாம்க்கா" என்ற மருதப்பன், கைப்பையிலிருந்து மடிப்புக் கலையாத 'பூவம்மா மசாலா' பை ஒன்றை எடுத்து, வாயால் ஊதி விரித்து, இரண்டு கையாலும் பவ்யமாக ஏந்திப் பிடித்தார்.