மஸீனாவின் கண்ணாடித் தொட்டி

வவுனியாவில் சைக்கிள் கடை வைத்திருந்த சரீப், முல்லைத்தீவுக் கடற்கரையில் பிறந்த மஸீனாவை 1958இல் மணம் முடித்து அழைத்துவந்தார். வந்த நாள் முதல் அவள் சரியாக உறங்கவில்லை. கடலை நினைத்து ஏங்குகிறாள் என்று விளங்கியதும், கடல்மீன் வளர்க்க ஒரு கண்ணாடித் தொட்டி செய்ய இறங்கினார் சரீப். எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாத மனிதர்.

முதலில் கிணற்றுத் தண்ணீரில் ஆனையிறவு உப்பைக் கரைத்துப் பார்த்தார். அதில் விட்ட மீன்கள் செத்தன. பிறகு மீன் லொறியில் புது மீன்களோடு கடல்நீரையே பீப்பாயில் வரவழைத்தார். அடியில் கடலில் எடுத்த முருகைக் கல், பவளப்பாறைத் துண்டு, வைத்தார். லொறிச் சக்கரத்து ரியூப்பில் காற்றடித்து, மெல்லிய குழாயால் தொட்டிக்குள் விட்டார். குமிழிகள் சலசலவென்று எழுந்தன.

வெளிச்சம்தான் அவரைப் படாதபாடு படுத்தியது. அரிக்கன் லாம்பில் நீல மீன் கறுப்பாகத் தெரிந்தது. கடைசியில் ஒரு பெற்றோமாக்ஸ் விளக்கு வாங்கி, தண்ணீர் சூடாகாத உயரத்தில் தொங்கவிட்டார். பொழுதுபட்டதும் அது 'உஸ்' என்று இரைந்துகொண்டு எரிந்தது. மீன்கள் பளபளத்தன. மஸீனாவோ கண்ணை மூடி, கண்ணாடியில் காதை வைத்துக்கொண்டு இருந்தாள்.

"மீனைப் பாருமன்," என்றார் சரீப்.

"மீன் நான் பார்க்காததே? லாம்பை நூத்துவிடுங்கோ. அது இரையிறதிலை தண்ணிச் சத்தம் கேக்குதில்லை."

அவர் விளக்கை அணைத்தார். கொஞ்ச நேரத்தில் மஸீனா தொட்டியில் சாய்ந்தபடியே உறங்கிப்போனாள். சரீப் சைக்கிள் பம்பை எடுத்து, ரியூப்பில் காற்றுக் குறையக் குறைய அடித்துக்கொண்டே இருந்தார்.