அத்தை வேலைக்குப் போனது

என் அப்பாவின் அக்காவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. கல்யாணம் ஆகவில்லை, பள்ளிக்கூடம் போனதில்லை. காங்கேயத்தை அடுத்த எங்கள் ஊரில் அப்பாவோடு இருந்துகொண்டு, மாடு கன்றுகளைப் பார்த்தே ஐம்பது வயதைக் கடந்துவிட்டார். அப்பா போன பிறகு மாடுகளை விற்றுவிட்டு அத்தையைத் திருப்பூருக்கு அழைத்து வந்தேன். நான் அப்போது ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருந்தேன். வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒற்றை அறை. காலையில் கதவைச் சாத்திவிட்டுப் போனால் இருட்டிய பிறகுதான் திரும்புவேன்.

அத்தை கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினார். மடித்த துணியை உதறி மடித்தார். ஒரு நாள் காலை, என் சாப்பாட்டுத் தூக்கைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலில் நின்றார். என்னைக் காட்டினார், தன்னைக் காட்டினார், தெருவைக் காட்டினார். தானும் வருகிறாராம். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். அவை சும்மா இருந்தன.

எங்கள் கம்பெனி மேனேஜரிடம் கேட்டேன். நல்ல மனிதர். உட்காரச் சொல்லித்தான் பேசினார்.

"வயசும் ஆயிருச்சுங்க, காதும் கேக்காதுங்கறீங்க. தீப்புடிச்சா பெல்லு அடிப்போம். அந்தம்மாவுக்கு எப்படிங்க தெரியும்? துணி வாங்கற வெளிநாட்டுக் கம்பெனிக்காரங்க சோதனைக்கு வந்தா நான் என்ன பதில் சொல்றதுங்க?"

கேட்ட மற்ற இடங்களிலும் இதையேதான் வேறு வேறு விதமாகச் சொன்னார்கள். அட்டை இருந்தால் வேலை கிடைக்க உதவும் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் சொல்லி, பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப்போய் ஊனமுற்றோர் அட்டை வாங்கினேன். டாக்டர் அத்தையின் முதுகுக்குப் பின்னால் நின்று கைதட்டிப் பார்த்தார். பிறகு என்னிடம், "இத்தன வருசமா ஏம்மா கூட்டிட்டு வரல?" என்றார்.

"ஊட்டுல எல்லாரும் இருந்தமுங்க. தேவைப்படலீங்க."

சொல்லும்போதே அந்தப் பதில் எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. அத்தைக்குச் சோற்றுக்கோ துணிக்கோ நாங்கள் குறை வைத்ததில்லை. உனக்கு என்ன வேண்டும் என்று மட்டும் யாரும் கேட்டதாக நினைவில்லை.

கடைசியில் எங்கள் தெருக்கோடியில் தகர ஷெட் போட்டு, பெரிய கம்பெனிகளுக்குத் தைத்துக் கொடுத்துவந்த ஒரு அம்மாவிடம் போனேன். தைத்த பனியன்களில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல்களைச் சின்னக் கத்திரியால் வெட்ட ஆள் வேண்டியிருந்தது. அத்தையை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வரட்டுமுங்க, பாக்கலாம்" என்றார். அங்கே தைத்துக்கொண்டிருந்த திருநெல்வேலிப் பக்கத்துப் பெண், "நான் பாத்துக்கிடுதேன்க்கா, நீங்க வேலைக்குப் போங்க" என்றாள்.

முதல் நாளே அத்தை நூலோடு சேர்த்துத் தையலையும் வெட்டிவிட்டார். மறுநாள் நான் லீவு போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து எதை வெட்டலாம், எதை விடவேண்டும் என்று தொட்டுத் தொட்டுக் காட்டினேன். அதற்கப்புறம் துணி கெடவில்லை.

சில வாரம் போயிருக்கும். கரண்ட் போய்த் திரும்பி வந்த வேகத்தில் ஒரு மெஷினின் மோட்டாரிலிருந்து குபுகுபுவென்று புகை கிளம்பியது. எல்லோரும் கத்திக்கொண்டு வெளியே ஓடினார்கள். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த அத்தை நூல் வெட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். தெருவுக்கு வந்த பிறகுதான் அந்தத் திருநெல்வேலிப் பெண்ணுக்கு நினைவு வந்து, திரும்ப ஓடி அத்தையை இழுத்து வந்திருக்கிறாள். வேலையைக் கெடுத்தாளே என்ற கோபத்தில் அத்தை அவள் கையைத் தட்டிவிட்டாராம். திரும்பிப் புகையைப் பார்த்த பிறகு அதே கையை விடவேயில்லையாம்.

ஆளனுப்பி என்னை வரச்சொன்னார்கள். எங்கள் மேனேஜர் பயந்ததுபோலவே ஆகிவிட்டது; இனி அத்தையை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டே போனேன்.

"சுவத்தப் பாத்து உக்கார வெச்சது எங்க தப்புங்க" என்றார் அந்த அம்மா. "எடத்த மாத்தீட்டேன். நீங்க ஒருக்கா அவங்களுக்கு வெவரம் சொல்லீட்டுப் போங்க."

வாசலை ஒட்டி, எல்லோர் முகமும் தெரியும்படி நாற்காலி போடப்பட்டிருந்தது. அவ்வளவுதான். இத்தனை கம்பெனிகளில் யாருக்கும், எனக்கும்கூட, தோன்றாத ஏற்பாடு.

முகங்கள் எதிரே வந்ததும் அங்கிருந்தவர்கள் அத்தையின் சைகைகளைப் பழகிக்கொண்டார்கள். டீ வந்தால் ஒன்று, துணி தீர்ந்தால் ஒன்று, முதலாளியம்மா வந்தால் மூக்குத்தியைத் தொட்டு ஒன்று. சாயங்காலம் நான் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அத்தை தொடங்கிவிடுவார். யாருக்கும் யாருக்கும் சண்டை, யார் அழுதது, யார் புதுச்சேலை கட்டி வந்தது எல்லாம் கையாலும் முகத்தாலும் நடித்துக் காட்டுவார். பாதிதான் எனக்குப் புரியும். புரியாத இடத்தில் தோளைத் தட்டி, முதலிலிருந்து மறுபடி சொல்லுவார்.