புக்கிட் ரோத்தானில் நான் உடைத்த கை

அந்த மனிதரின் கையை உடைத்தவன் நான்தான். என் மனைவியைத் தவிர யாரிடமும் இதைச் சொன்னதில்லை.

மலேசியாவில், புக்கிட் ரோத்தானில் ஒரு வீடு வாங்க ஒப்பந்தம் போட்டிருந்தேன். மூன்று மாதத்தில் காலி செய்து தர வேண்டும். எட்டு மாதமாகியும் சாவி வரவில்லை. வாடகைக்கு இருப்பவன் கிளம்ப மறுக்கிறான் என்றே வீட்டுக்காரர் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரும்புக் கம்பியோடு போய் ஜன்னல் கண்ணாடிகளை அடித்து நொறுக்கினேன். உள்ளேயிருந்து ஒருவர் பாராங் கத்தியை ஓங்கிக்கொண்டு பாய்ந்து வந்தார்.

“என் வீட்டை உடைக்க நீ யாருடா?”

கம்பியால் ஓங்கி அடித்தேன். அவருடைய மணிக்கட்டு எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. நான் மறுபடி ஓங்கியபோது அவர் மனைவி காகிதங்களோடு ஓடிவந்து குறுக்கே நின்றார்.

“அடிக்காதீங்க தம்பி! இது நாங்க வாங்கின வீடுலா, பாருங்க!”

அதுவும் ஒப்பந்தம்தான். அதே வீட்டு எண், அதே வீட்டுக்காரரின் கையெழுத்து. என்னுடையதற்கு ஒரு மாதம் முந்தையது.

அவரை என் காரிலேயே மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். கட்டுப் போட்டதும் இருவரும் சேர்ந்து வீட்டுக்காரர் மேல் போலீசில் புகார் கொடுத்தோம். கை எப்படி உடைந்தது என்று அதிகாரி கேட்டார்.

“கால்வாய்ல வழுக்கி விழுந்துட்டேன்” என்றார் அவர்.

வெளியே வந்ததும், “ஏண்ணே அப்படிச் சொன்னீங்க?” என்று கேட்டேன்.

“உன் கழுத்தைப் பாத்துதான் நான் ஓங்கினேன் தம்பி. நீ முந்திக்கிட்ட, அவ்வளவுதான்.”

வழக்கு இன்னும் முடியவில்லை. கோபம் வரும்போதெல்லாம் என் கை தானாகக் கழுத்தைத் தடவிப் பார்க்கிறது.