ஆளுநர் ஆட்சியில் அம்மா

எங்கள் வீட்டில் அப்பா மத்திய சர்க்கார், அம்மா மாநில சர்க்கார். அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. தாம்பரத்தை விட்டு அவரை யாரும் அசைக்கவில்லை. அம்மா அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். அவளை இராமநாதபுரம் பக்கம் ஒரு ஊரில் போட்டிருந்தார்கள். லீவு விட்டால் விடியற்காலையில் ராமேஸ்வரம் வண்டியிலிருந்து தாம்பரத்தில் இறங்குவாள். லீவு முடிந்தால் அதே ஸ்டேஷனில் ஏறிப் போய்விடுவாள். மற்ற நாட்களில் எங்களோடு இருந்த அப்பாவின் அக்காதான் எங்களுக்குச் சமைத்துப் போட்டு, எனக்குத் தலைவாரி விட்டாள். அத்தை பின்னினால் பள்ளிவிட்டு வரும்வரை மண்டை வலிக்கும். அம்மா தினமும் வீட்டில் இருக்க வேண்டும், எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அந்தப் பொறுப்பை மாமா ஏற்றுக்கொண்டிருந்தார். அம்மாவின் தம்பி. பம்மலில் சைக்கிள் கடை வைத்திருந்தார். ஆனால் கடையில் இருந்த நேரத்தைவிட எம்.எல்.ஏ. வீட்டு வாசலில் நின்ற நேரம்தான் அதிகம். ராஜாங்கம் எப்படி நடக்கிறது என்று எனக்கு முதலில் விளக்கியதும் அவர்தான்.

"தோ பாரு பாப்பா. எம்.எல்.ஏ. மினிஸ்டராண்ட சொல்லுவாரு. மினிஸ்டர் செகரட்டரிகிட்ட. செகரட்டரி டைரக்டர்கிட்ட. டைரக்டர் ஒரு ஆர்டர் போட்டா உங்கம்மா வந்துடும்."

என் சமூக அறிவியல் புத்தகத்தில் ஆளுநர்தான் எல்லோருக்கும் மேலே இருந்தார். அவர் எங்கே வருகிறார் என்று கேட்டேன்.

"அவரு கிண்டியில கீறாரு. பெரிய தோட்டம், மானெல்லாம் மேயும். கையெழுத்து மட்டும் போடுவாரு."

மானுக்குத் தழை போடுகிற நேரம் போக மீதி நேரத்தில் கையெழுத்துப் போடுகிறவர் என்று நான் புரிந்துகொண்டேன். யாரும் திருத்தவில்லை.

பொங்கலுக்கு அம்மா வந்து திரும்பிப் போன பிறகு மாமா மிக்சர் பொட்டலத்தோடு வந்தார். மினிஸ்டரே தலையாட்டிவிட்டாராம். வேலை முடிந்த மாதிரிதானாம். சில நாள் கழித்து ரேடியோவில் செய்தி சொன்னார்கள். ஆட்சியைக் கலைத்துவிட்டார்கள், சட்டமன்றம் இல்லை, இனி ஆளுநர் ஆட்சி. தலையாட்டிய மினிஸ்டர் மினிஸ்டராக இல்லை. எம்.எல்.ஏ.வும் எம்.எல்.ஏ.வாக இல்லை. மாமா காப்பி டம்ளரைக் கீழே வைத்தார்.

"அல்லாமே பேஜாராயிடுச்சு மச்சான்."

அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "இனிமே டெல்லிதான் இங்கயும். உங்கக்காவும் இப்ப எங்க டிபார்ட்மெண்ட்" என்றார். அப்பாவுக்குச் சிரிப்பு மூட்டத் தெரியாது. அன்றைக்கு ஏனோ முயன்றார்.

ஜூன் மாதம் பள்ளி திறக்கும் முன்னால் அம்மாவுக்கு மாற்றல் வந்தது, அதுவும் நான் படித்த பள்ளிக்கே. அம்மா வருடா வருடம் தலைமையாசிரியர் மூலமாக மனுப் போட்டு, வரிசையில் நின்றுகொண்டுதான் இருந்தாள். வருடா வருடம் யாராவது ஒருவர் மேலிடத்துச் சிபாரிசோடு அவளைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். அந்த ஒரு வருடம் சிபாரிசு செய்யக் கோட்டையில் மந்திரியும் இல்லை, ஊரில் எம்.எல்.ஏ.வும் இல்லை. அதிகாரிகள் வேறு வழியில்லாமல் வரிசைப்படி ஆர்டர் போட்டார்கள். இது எனக்குப் பின்னால் தெரிந்தது. மாமாவோ, கிண்டித் தோட்டத்தில் தனக்கு ஆள் இருப்பதாகத் தெருவெல்லாம் சொல்லி வைத்தார்.

அந்த வருடத்தைப் போல நான் சந்தோஷமாக இருந்ததில்லை. அம்மாவோடு பள்ளிக்கு நடந்து போனேன், அம்மாவோடு திரும்பி வந்தேன். ஸ்டேஷன் ரோட்டுப் பிள்ளையாரிடம் தேர்தலே வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன். பரீட்சையில் சிறந்த ஆட்சிமுறை எது என்று கேட்டிருந்தார்கள். ஆளுநர் ஆட்சி என்று எழுதினேன். சமூக அறிவியல் டீச்சர் அந்த விடைத்தாளை ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் படித்துக் காட்டினாராம். அன்று வீட்டுக்கு வந்ததும் அம்மா என்னை அணைத்துக்கொண்டாள்.

பிள்ளையார் கைவிட்டுவிட்டார். சுவரெல்லாம் சின்னம் வரைந்தார்கள், ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு கத்தினார்கள். மாமாவின் எம்.எல்.ஏ. தோற்றார். எதிர்க்கட்சி ஜெயித்து மந்திரிசபை அமைத்தது. ஒரு வாரத்துக்குள் மாமாவின் வேட்டிக் கரை நிறம் மாறிவிட்டது. ஊரே மக்களாட்சி திரும்பிவிட்டதென்று வெடி வெடித்தது.

அடுத்த ஜூனில் பள்ளி திறந்த அன்று, அம்மாவின் இடத்துக்கு ஆர்டர் வாங்கிக்கொண்டு வேறொரு டீச்சர் வந்தார். அம்மாவை விழுப்புரம் பக்கம் போட்டிருந்தார்கள். செய்தி கேட்டு ஆசிரியர் அறைக்கு ஓடினேன். அந்த டீச்சரின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு என் வயதில் ஒரு பெண் நின்றாள். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை, முந்தானையையும் விடவில்லை.

அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இவ்வளவு நாள் எங்க இருந்தீங்க?" என்று கேட்டாள்.

"தர்மபுரிங்க. இவ இங்க பக்கத்துல, குரோம்பேட்டையில எங்கக்கா வீட்ல இருந்தா. நடக்க ஆரம்பிச்சதுலேருந்து அங்கதான்" என்றார் அந்த டீச்சர், யாரையும் பார்க்காமல்.

அம்மா அலமாரிச் சாவியைக் கொடுத்தாள். எந்த வகுப்பில் கரும்பலகை சரியில்லை என்றும் சொன்னாள்.

சாயங்காலம் மாமா வேகமாக வந்தார். "இன்னாக்கா, நான் இருக்க சொல்ல நீ ஏன் கவலப்படுற? புது எம்.எல்.ஏ. நம்மாளு. அந்தம்மாவ திருப்பி தர்மபுரிக்கே அனுப்பிடலாம். ஒரே வாரம்."

"வேணாண்டா."

"இன்னாது?"

"நீ யார்கிட்டயும் போகாத. அந்தப் பொண்ணு இப்பதான் அவங்கம்மாகூட வந்திருக்கு."

"அப்போ நம்ம பாப்பா?"

அம்மா எழுந்து போய்ப் பெட்டியை இறக்கினாள். மாமா கோபித்துக்கொண்டு காப்பி குடிக்காமல் போய்விட்டார்.

எனக்கு ராஜாங்கம் தெரியும். அம்மா சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் மாமா எம்.எல்.ஏ.விடம் போவார், எம்.எல்.ஏ. மினிஸ்டரிடம் போவார், அம்மா இங்கேயே இருந்துவிடலாம். அந்த ஒரு வார்த்தையை அம்மா சொல்லவில்லை. அவளுக்கு என்னைவிட அந்தப் பெண்ணைப் பிடித்துவிட்டது என்று முடிவு செய்தேன். அம்மா பக்கத்தில் எனக்கும் சேர்த்துப் பாய் விரித்திருந்தாள். நான் அன்றிலிருந்தே அத்தையிடம் போய்ப் படுத்துக்கொண்டேன்.