செம்பட்டை சாய்ந்த ஆண்டு

பாரிசில் ரூ பெர்தொனே என்ற தெருவில் நகைக்கடை வைத்திருக்கும் பொன்னம்பலத்தின் மகள் மிருணாளினிக்கு வேலை கோதுமை வயலில். பாரிசுக்குக் கிழக்கே, ரொபேர் என்ற விவசாயியின் நிலத்தில், ஒரு விதை ஆய்வு நிறுவனம் சோதனைக்கு எடுத்த பகுதி அவள் பொறுப்பு. புதிய வசந்தகாலக் கோதுமை இனங்களைப் பாத்தி பாத்தியாக விதைத்து, எது நோயைத் தாங்குகிறது, எது காற்றுக்கு நிற்கிறது என்று பார்ப்பாள். வேறு ஊர்களிலும் அதே இனங்கள் வளரும். எல்லா இடத்து விளைச்சலையும் சேர்த்துப் பார்த்துத்தான் விவசாயிகளுக்கு எதைக் கொடுக்கலாம் என்று முடிவு செய்வார்கள்.

அவற்றில் ஒன்றுக்கு அவளே செம்பட்டை என்று பெயர் வைத்திருந்தாள். கதிர் முற்றும்போது செம்பு நிறத்தில் மின்னும். இரண்டு ஆண்டுகளாகக் கூட்டத்துக்குக் கூட்டம் அதற்காக வாதாடியவள் அவள்தான்.

ஜூலையில் அறுவடைக்குச் சற்று முன் புயல் அடித்தது. அவள் போய்ப் பார்த்தபோது செம்பட்டை பாய் விரித்ததுபோல் மண்ணோடு கிடந்தது. பக்கத்துப் பாத்தியில், யாரும் பெரிதாக மதிக்காத ஒரு குட்டை இனம் நிமிர்ந்து நின்றது.

மேலாளர் நிக்கோலா தொலைபேசியில் வந்தார். புயல் அடித்த வயலைக் கணக்கிலிருந்து விலக்க விதியில் இடமிருக்கிறது, முடிவு உன்னுடையது என்றார். விலக்கினால் மற்ற ஊர்களின் விளைச்சலை வைத்துச் செம்பட்டை தப்பிவிடும். அவளுக்கு அது தெரியும். நெஞ்சு அந்தப் பக்கமே இழுத்தது. ஆனாலும் குனிந்து, சாய்ந்தது எவ்வளவு, நின்றது எவ்வளவு என்று ஒவ்வொரு பாத்தியாகப் பதியத் தொடங்கினாள். செம்பட்டை அந்த ஆண்டோடு தேர்விலிருந்து விழுந்தது.

இலையுதிர்காலத்தில் வட்டார விவசாயிகள் கூடினார்கள். அப்பாவையும் அழைத்திருந்தாள். நடந்ததை மறைக்காமல் சொல்லி, குட்டை இனத்தை விதைக்கச் சொன்னாள். ரயிலில் திரும்பும்போது பொன்னம்பலம் கேட்டார்.

"நீ தூக்கிப் பிடிச்ச இனம் விழுந்ததை உன்ரை வாயாலையே ஏன் சொன்னனீ?"

"புயல் எங்கடை பாத்திக்கு மட்டுமோ வரும், அப்பா? ரொபேரின்ரை வயலுக்கும் வரும்தானே."

"ஓம்," என்றார் அவர். பிறகு, "அவ்வளவு பேரும் நீ சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்தவங்கள்," என்றார். மறுநாள் கடைக்கு வந்தவர்களெல்லாம், நகை பார்க்கும் முன் இந்தக் கதையைக் கேட்க வேண்டியிருந்தது.

அடுத்த ஆண்டு இலையுதிர்கால மழை விடவேயில்லை. அப்போது விதைக்க வேண்டிய குளிர்காலக் கோதுமையை விதைக்க முடியாத ரொபேரும் அயலவர்களும் அதையடுத்த வசந்தத்தில் குட்டை இனத்தை விதைத்தார்கள். கோடைக் காற்று வந்தது, பயிர் நின்றது. அந்த வட்டாரச் சோதனை வயல்கள் அத்தனையையும் நிக்கோலா மிருணாளினியின் பொறுப்பில் விட்டார். ஆறு ஊர்களின் பாத்திகள் இப்போது அவளுடையவை.