ஒரு பக்க அனுசியா

ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்ற வாசலில், புங்கமரத்தடியில் தார்ப்பாய் கட்டி மேசை போட்டு மனு எழுதும் அனுசியாவுக்கு 'ஒரு பக்க அனுசியா' என்று பெயர். பட்டா மாற வேண்டுமா, முதியோர் பென்ஷன் நின்றுபோனதா, மருமகன் அடிக்கிறானா, எல்லாம் ஒரே பக்கம்தான். மனுவில் இரண்டாம் பக்கத்தைப் புரட்டுகிற அதிகாரி இன்னும் பிறக்கவில்லை என்பது அவள் கட்சி. இருபத்திரண்டு வருடமாக ராஜபாளையத்திலிருந்து காலை எட்டேகால் பஸ்ஸில் வந்து இறங்குகிறாள். வாய் கொஞ்சம் காரம். ஆனாலும் அவள் கைபட்ட மனு வீண்போகாது என்று ஊருக்குள் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சை அவள் ஒருநாளும் மறுத்ததில்லை.

அவளிடம் ஒரு வழக்கம் இருந்தது. டைப் அடிக்க உட்காரும் முன், வந்தவர் சொல்வதையெல்லாம் அவர் வார்த்தையிலேயே ஒரு நோட்டில் எழுதிக்கொள்வாள். பிறகு அதை வாசித்துக் காட்டி, தேதி போட்டு, அடியில் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கிவிடுவாள். முன்னொரு காலத்தில் ஒரு மனிதர், "நான் அப்படிச் சொல்லவே இல்ல, இந்தம்மாவா எழுதிருச்சு" என்று தாசில்தார் முன்னால் கையை விரித்துவிட்டார். சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகுமா? அன்றிலிருந்து நோட்டு வந்தது. அந்த நோட்டில் இருப்பதில் முக்கால்வாசியைக் கழித்துவிட்டு மிச்சத்தை அடிப்பதுதான் அவள் தொழில். நிரம்பிய நோட்டுகள் வீட்டுப் பரணில் சாக்குக்குள் கிடக்கும்.

2022இல், ஆடிப்பூரத் தேர் நிலைக்கு வந்த மறுவாரம் பரிபூரணம் அவளிடம் வந்தாள். ஆலங்குளம் பக்கம் சுண்ணாம்புக்கல் குவாரியில் கல் உடைக்கிறவள். அவள் மகன் ஜெபினுக்கு அப்போது இருபத்துநாலு வயது. திருடப் போன வீட்டில், மளிகைக்கடை வைத்திருந்த வயதான புருஷன் பெண்டாட்டி இருவரையும் கொன்றுவிட்டான். அவன் செய்யவில்லை என்று யாரும் சொல்லவில்லை. அவனும் சொல்லவில்லை. குற்றவாளி என்று தீர்ப்பாகிவிட்டது, தண்டனையை மட்டும் நாலு நாளில் சொல்வதாக இருந்தது. அதற்குள் நீதிபதிக்கு ஒரு மனு கொடுத்துப் பார் என்று யாரோ சொல்லி, கிழவியைப் போல ஒடுங்கிப்போன அந்த ஐம்பது வயதுக்காரி வந்து உட்கார்ந்தாள்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினாள். ஜெபினுக்கு ஒன்பது வயதாகும்போது அவன் அப்பன் ஒரு தரகனிடம் முன்பணம் வாங்கிக் குடித்துவிட்டு, பிள்ளையை வடக்கே ஒரு முறுக்குக் கம்பெனிக்கு அனுப்பிவிட்டான். பிள்ளையைத் தேடி, பாஷை தெரியாமல் ரயிலேறிப் போய், அந்தக் கம்பெனி கேட்டுக்கு வெளியே மூன்று நாள் நின்றாள் பரிபூரணம். காவல்காரன் கம்பெடுத்து விரட்டினான். ஐந்து வருடம் கழித்து அதிகாரிகள் புகுந்து பிள்ளைகளை மீட்டபோது ஜெபினும் வந்தான். எண்ணெய்க் கரண்டியால் மண்டையில் அடிபட்டு அடிபட்டு அவனுக்கு வலிப்பு வந்திருந்தது. அம்மாவை 'அம்மா' என்று கூப்பிடவே அவனுக்கு நாலு மாதமாயிற்று.

அனுசியா எல்லாவற்றையும் எழுதினாள். கை வலித்தது. பின்னால் இரண்டு பேர் காத்திருந்தார்கள்.

"கதை அம்புட்டும் எதுக்குக்கா? சட்டத்துக்குக் கதை வேண்டாம், விசயம்தான் வேணும்" என்று சொல்லி, மனுதாரர் ஏழை, ஒரே மகன், இது முதல் குற்றம், கருணை காட்டும்படி தாழ்மையுடன் வேண்டுகிறேன் என்று அடித்து நீட்டினாள். பதினான்கு வரி வந்தது. பரிபூரணத்துக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் தாளில் பாதிக்குமேல் வெள்ளையாகக் கிடந்தது அவளுக்குத் தெரிந்தது.

"அம்புட்டுதானா தாயி?" என்று கேட்டாள்.

அம்புட்டுதான் என்றாள் அனுசியா.

நாலாம் நாள் ஜெபினுக்குத் தூக்கு என்று தீர்ப்பு வந்தது. மதுரையில் உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்ய வேண்டும். அனுசியா செய்தியைக் கேட்டு உச்சுக்கொட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். அவளைக் குற்றம் சொல்லி என்ன செய்ய? அந்த வாசலில் தினம் ஒருத்தர் அழுகிறார்.

அடுத்த வருடம் மாசியில் ஸ்ரீப்ரியா கேமராவோடு வந்து நின்றாள். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெண். கிருஷ்ணன்கோவிலில் எஞ்சினியரிங் படித்துவிட்டு, பெற்றவர்கள் தலையில் அடித்துக்கொள்ள, ஆவணப்படம் எடுக்கப் போனவள். தூக்குக்குக் காத்திருப்பவர்களைப் பற்றிப் படம் எடுப்பதாகவும் அதில் ஜெபினும் ஒருவன் என்றும் சொன்னதும் அனுசியாவுக்குச் சுர்ரென்று ஏறியது.

"கொலகாரனுக்குப் படமா? செத்தவியளுக்கு எவ படம் எடுக்கா?"

ஸ்ரீப்ரியா கோபப்படவில்லை. செத்தவர்களின் மகளும் இந்தப் படத்தில் பேசுகிறாள், அவள் இன்னும் மன்னிக்கவில்லை, மன்னிக்கச் சொல்லி நானும் கேட்கவில்லை என்றாள். தூக்குக் கயிற்றை ஒரு இடத்தில்கூடக் காட்டப்போவதில்லை என்றும் சொன்னாள்.

"கோர்ட்டு அந்த ஒருநாளப் பாத்துச்சுக்கா. அதுக்கு முந்தி அவன் வாழ்ந்த வருசத்த ஒருத்தரும் பாக்கல. நான் அதத்தான் தேடுறேன்."

தேடிய இடமெல்லாம் அவளுக்குச் சுவர்தான். ஜெபினின் அப்பன் செத்துவிட்டான். பள்ளிக்கூடத்தில் பெயர் நீக்கிய ஒரு வரியைத் தவிர ஒன்றுமில்லை. ஜெபினுக்கே ஊர் பேர் எதுவும் ஞாபகம் இல்லை. எல்லாம் தெரிந்த பரிபூரணத்துக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கமும் பேச்சும் போய்விட்டன. ஜெபினுக்காக வாதாடும் வக்கீல் குருசாமி அவன் வாழ்க்கையை நீதிபதிகள் முன்னால் வைக்க வேண்டும் என்கிறார், வைக்க ஒரு துண்டுக் காகிதம் இல்லை, விசாரணைக்கு இரண்டே மாதம்தான் இருக்கிறது. நீங்கள்தானே மனு எழுதினீர்கள், அந்த அம்மா அன்றைக்கு ஏதாவது சொன்னார்களா என்று கேட்டாள்.

"எனக்கு நெனப்பில்ல" என்றாள் அனுசியா.

பச்சைப் பொய். நோட்டு பரணில் இருக்கிறது. அதை எடுத்துக் கொடுத்தால், ஒரு உயிரைக் காப்பாற்றக்கூடிய சங்கதியைக் கையில் வைத்துக்கொண்டு பதினான்கு வரியில் கழித்துக்கட்டியவள் இவள் என்று ஊருக்கே தெரியும். அதுவும் கேமராவில். இருபத்திரண்டு வருடத்துப் பேரை யார்தான் தன் கையாலேயே கிழித்துப் போடுவார்கள்?

இரண்டு நாள் முரண்டு பிடித்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏணியைப் போட்டுப் பரணில் ஏறினாள். மூன்றாவது சாக்கில் நோட்டு கிடைத்தது. பதினோரு பக்கம். தரகன் பெயர், வடக்கே அந்த ஊர், அதிகாரிகள் மீட்ட மாசம், வலிப்புக்குப் படுத்த ஆஸ்பத்திரி, எல்லாமே இருந்தன. அடியில் பரிபூரணத்தின் பெருவிரல் ரேகை நீல மையில் பளிச்சென்று இருந்தது. அனுசியா ஏணிப்படியிலேயே உட்கார்ந்து அழுதாள். கோபமும் வந்தது, அது முழுக்கத் தன் மேலேயே வந்தது.

திங்கட்கிழமை ஸ்ரீப்ரியாவை வரச்சொல்லி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். தான் சொல்வதில் ஒரு சொல்லையும் வெட்டக் கூடாது. பிறகு புங்கமரத்தடியில், பக்கத்து மேசைக்காரர்கள் வேடிக்கை பார்க்க, கேமராவைப் பார்த்துப் பேசினாள்.

"பரிபூரணம் எங்கிட்ட அம்புட்டையும் சொன்னா. விட்டது நாந்தான். அவளுக்குப் படிக்கத் தெரியாது, எனக்குத் தெரியும். இது அவ சொன்னது, இது அவ ரேகை."

சொல்லிவிட்டுப் பதினோரு பக்கத்தையும் வாசித்தாள். காவல்காரன் கம்பெடுத்த இடத்தில் குரல் உடைந்தது. நிறுத்தித் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி வாசித்தாள்.

ஊர்ப் பெயரும் மாசமும் கிடைத்ததும் குருசாமிக்கு வழி தெரிந்துவிட்டது. மீட்ட பிள்ளைகளின் பட்டியல் வடக்கே ஒரு அரசு அலுவலகத்தில் அகப்பட்டது. அதில் ஜெபின், வயது பதினான்கு, தலையில் காயம் என்று இருந்தது. ஆஸ்பத்திரிச் சீட்டும் கிடைத்தது. நோட்டின் நகலோடு இவையும் உயர்நீதிமன்றத்துக்குப் போயின. அடுத்த தை மாசம் தீர்ப்பு வந்தது. குற்றம் குற்றமேதான், ஆனால் தூக்கு வேண்டாம், ஆயுள் தண்டனை போதும்.

ஸ்ரீப்ரியா போனில் சொன்னபோது அனுசியா ஒரு வாரிசுச் சான்றிதழ் மனுவின் நடுவில் இருந்தாள். செத்த நேரம் பொறுத்துக்கொள்ளும்படி எதிரில் இருந்தவரிடம் சொல்லிவிட்டு, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

அவள் பயந்தபடி தொழில் படுத்துவிடவில்லை. படத்தை நகராட்சி மண்டபத்தில் போட்டுக் காட்டிய பிறகு கூட்டம் கூடத்தான் செய்தது. இப்போதும் மனு ஒரு பக்கம்தான். ஆனால் நோட்டில் எழுதியதன் நகலை இணைப்பாகப் பின்னால் சேர்த்துவிடுகிறாள். படிக்கிற அதிகாரி படிக்கட்டும், படிக்காதவர் கோப்பிலாவது அது கிடக்கட்டும் என்கிறாள். ஊர் மட்டும் பழைய பெயரை விடவில்லை.

சித்திரையில் சிறையிலிருந்து அவள் பேருக்கு ஒரு கடிதம் வந்தது. ஜெபின் எழுதியிருந்தான். கோணல்மாணலான எழுத்து.

"அம்மா என்னத் தேடி வந்தது எனக்குத் தெரியாதுக்கா. நான் வீட்டுக்கு வந்த பெறகும் அம்மா சொல்லல, நானும் மூஞ்சி குடுத்துப் பேசல. அம்மா என்ன மறந்துருச்சுன்னுதான் இம்புட்டு நாளும் நெனச்சேன். வக்கீல் சார் வாசிச்சாரு. ஒருதரம் கேட்டது பத்தல. அம்மா சொன்னத அப்படியே எழுதி அனுப்புவியளா?"

ஜெராக்ஸ் எடுக்க அவள் மேசையிலிருந்து பத்தடிதான். அனுசியா போகவில்லை. புதுத் தாளில், கையால், பதினோரு பக்கத்தையும் எழுதினாள். பரிபூரணம் ஒரே சேதியை மூன்று தரம் சொன்ன இடத்தில் மூன்று தரமும் எழுதினாள்.

மறுநாள் மேசையை மூடிவிட்டு, மைப்பெட்டியோடு ஆலங்குளத்துக்குப் பஸ் ஏறினாள். கயிற்றுக் கட்டிலில் கிடந்த பரிபூரணத்தின் பக்கத்தில் உட்கார்ந்து முதலிலிருந்து கடைசிவரை வாசித்துக் காட்டினாள். இது ஜெபினுக்குப் போகிறது என்றும் சொன்னாள். பரிபூரணம் தாள்களைச் சைகையால் கேட்டு வாங்கி, ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். எதிலும் வெள்ளையாக இடம் இல்லை. பிறகு, வாதம் விட்டுவைத்த இடது கையை மைப்பெட்டியை நோக்கி அவளாகவே நீட்டினாள்.