அட்டைகளோடு போர் தொடுத்த மதினி

ஹட்டனில் மஸ்கெலியா பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபோது போன் வந்தது. "சித்தப்பா, அம்மா போயிட்டாங்க" என்றான் அண்ணன் மகன். அப்புறம் பஸ் எந்த வழியாகப் போனதென்று எனக்குத் தெரியாது.

என் அண்ணன் மனைவி கமலவேணி மதினி ஒரு மகா சேனாதிபதி. எதிரி, அட்டை. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ரத்தம் குடிக்கும் அட்டைகள் லேசுப்பட்டவை அல்ல. மழைநாளில் ஒரு முழுக் கங்காணியைக் குடித்துவிட்டுத் தொப்பியை மட்டும் திருப்பித் தரும்.

பெண்கள் சேர்ந்து தொழில் நடத்தட்டும் என்று கொழும்பு அமைப்பொன்று மூன்று தையல் மெஷின் தந்தது. ஏதோ தீவில் பெண்கள் சுற்றுலாக்காரர்களுக்குப் பை தைத்து அமோகமாம். இங்கும் பைதான் என்றார் அந்த அமைப்பின் அதிகாரி. "பைய யாருங்க கேட்டா? காலத்தான் அட்டை திங்குது" என்று மதினி முழங்கால்வரை வெள்ளைக் காலுறை தைத்தார். மூன்று மாதத்தில் பெண்கள் அதைப் போடாவிட்டால் மெஷின்கள் வேறு தோட்டத்துக்குப் போய்விடும் என்று சொல்லிப் போனார் அதிகாரி.

எல்லாரும் வாங்கினார்கள். ஒருத்தியும் போடவில்லை. கேட்டால் புழுக்கம், கூச்சம் என்றார்கள். மதினி நம்பவில்லை. வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில் பேர் கொடுத்தவர்களின் பின்னாலேயே மலைக்கு நடந்தார். துப்பறிய நானும் போனேன்.

தேயிலை தொடங்கும் இடத்தில் சாமிக்கல். வெறுங்காலோடு கும்பிடாமல் யாரும் கொழுந்தில் கை வைப்பதில்லை. நாடா கட்டிய காலுறையை அங்கே அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டிருந்தால், வேலைக்கு நேரமாச்சென்று விரட்டும் கங்காணி விடுவாரா? சாமியைக் காரணம் சொன்னால் மதினி மனம் நோகுமென்று வாய் திறக்காமல் இருந்திருக்கிறார்கள்.

சாமியைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாமே என்றேன்.

"அவரு நமக்கு முந்தி வந்தவரு தம்பி. சொக்ஸ் நேத்து வந்தது."

மறுநாளே கல்லுக்கு அப்பால் கயிறு கட்டி, காலுறைகளை அதில் தொங்கவிட்டார். கும்பிட்ட கையோடு எடுத்து மாட்டிக்கொண்டார்கள். அதிகாரி வந்தபோது மலை முழுக்க வெள்ளைக் கால்கள், கொக்குக் கூட்டம் இறங்கியது போல. மெஷின்கள் தங்கின. அட்டைகள் இடமாற்றம் கேட்டு மனுக் கொடுத்ததாகக் கேள்வி.

நேற்று மதினியை எடுத்துப் போனபோது நல்ல மழை. எங்கள் பெண்கள் சுடுகாட்டுக்கு வருவதில்லை. தேயிலை தொடங்கும் அந்தச் சாமிக்கல்வரை வெறுங்காலோடு வந்து நின்றார்கள். பாடை வளைவில் மறையும்வரை அவர்கள் காலில் அட்டைகள் ஏறிக்கொண்டே இருந்தன. பிடுங்கிப் போட ஒருத்தியும் குனியவில்லை. இதில் நான் எதையும் கூட்டிச் சொல்லவில்லை.

போய் வாருங்கள், மதினி.